போதனைப் படங்களுக்குப் பச்சைத் திரை அமைக்கும் விதம்

விவசாய சம்பந்தமான போதனைப் படங்களைக் கைப்பேசியிற் பார்த்துப் பயனடையும் வழக்கம் இப்பொழுது கிராமாந்தரங்களில் எங்கும் பரவியிருக்கிறது. பார்ப்பதோடு நில்லாமல், தம் அனுபவத்தைத் தாமே படம் பிடித்து அண்டை ஊராருக்கு அனுப்பும் விவசாயிகளும் இருக்கிறார்கள். பட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு முதலிய விஷயங்களைப் படமாக விளக்கும் கிராம அதிகாரிகளும் இருக்கிறார்கள். பேசுபவருக்குப் பின்னால் வயலும், பூச்சியின் பெரிய உருவமும், நமூனாத் தாளும் மாறி மாறித் தோன்றும்படி செய்வது எப்படி என்று இவர்களுட் சிலர் வினவியதுண்டு. அதற்கு உபயோகப்படும் பச்சைத் திரையை அமைக்கும் முறையும், பயிர்த்தொழில் படங்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

இதன் தத்துவம் எளிது. காமிரா ஒவ்வொரு காட்சியையும் லட்சக்கணக்கான சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் எவ்வளவு என்று குறித்து வைக்கிறது. பச்சைத் துணிக்கு முன் ஒருவரை நிறுத்திப் படம் பிடித்தால், துணி விழுந்த புள்ளிகளில் பச்சை மற்ற இரண்டையும் விட வெகுவாக மிஞ்சி நிற்கும். அவ்விதம் மிஞ்சிய புள்ளிகளையெல்லாம் கணிப்பொறி கண்ணாடி போல் ஆக்கிவிட்டு, அவற்றின் வழியே நாம் கொடுக்கும் வேறு படத்தைக் காட்டுகிறது. மனிதருடைய தோலில், எந்த நிறத்தவராயினும், சிவப்பே மேலோங்கியிருப்பதால் அவர் மட்டும் அழியாமல் நிற்பார்.

இந்த வித்தை புதியதன்று. 1940ல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலப் படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரையைக் கொண்டு வர்ணக் காட்சிகளை இணைத்துக் காட்டினார். பிலிம் சுருள் இருந்த காலத்தில் நீலமே பெருவழக்காயிருந்தது. பிற்காலத்துக் காமிராக்களில் 1976ல் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, சிவப்புக்கு ஒன்றும் நீலத்துக்கு ஒன்றும் இருக்குமிடத்தில் பச்சைக்கு இரண்டு கண்கள் வைக்கப்படுகின்றன. ஆகவே பச்சையை அவை துலக்கமாகப் பிடிக்கின்றன. குறைந்த வெளிச்சமும் போதும். பச்சைத் திரை ஓங்கியதற்கு இதுவே முக்கிய காரணம்.

பட்டணத்து ஸ்டூடியோக்காரருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பயிரைக் கையிற் பிடித்துப் பேச வேண்டிய நமக்குப் போதாது.

பயிருக்கு நீலத் திரையே உத்தமம்

பயிரின் நிறமும் பச்சையே என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் காட்டப்பட்ட படத்தில், பேசுபவர் நாற்றுக்கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தாள்கள் பாதிக்குமேல் மறைந்து, வேரும் மண்ணும் மட்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. கூட்டத்தார் சிரித்தார்கள். சிரிப்போடு போவதானால் குற்றமில்லை. இலை முழுதும் மறையாமல், அங்கங்கே பொத்தலாகவும் ஓரம் தின்றதாகவும் தெரியும்போதுதான் ஆபத்து. இலைச்சுருட்டுப் புழு சுரண்டிய வெண்கோட்டையும், துத்தநாகக் குறைவால் உண்டாகும் பழுப்புப் புள்ளியையும் பற்றிச் சொல்லும் படத்தில், கணிப்பொறி அரித்த அரிப்பைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி தம் வயலில் அதைத் தேடினால் அவர் மேல் என்ன தப்பு?

இன்னொன்று இதைவிடச் சூட்சுமமானது. பச்சைத் துணியின் மேல் விழும் வெளிச்சம் பச்சையாகவே திரும்பி, எதிரில் நிற்பவர் மேலும் அவர் கையிலுள்ள பொருள் மேலும் படியும். வெள்ளை வேட்டியில் இதைக் கண்ணாலேயே காணலாம். தழைச்சத்து குறைந்து வெளுத்த நெல் இலையின் மேல் இது படிந்தால் அந்த இலை செழிப்பான இலையாகத் தோன்றும். இந்தச் சாயலைப் போக்கக் கணிப்பொறியில் ஓர் உபாயம் இருக்கிறது. அதைக் கையாண்டாலோ பச்சை பொதுவாகவே குறைக்கப்பட்டு, நல்ல இலையும் வெளிறிய இலையாகிவிடும். இலை வர்ண அட்டையைப் பற்றிய படங்களில் இது பெருங்கேடு. அட்டையில் வெள்ளைப் பொன்னிக்கு 3ம், மற்ற நடவு ரகங்கள் பலவற்றுக்கு 4ம் வரம்பாக வைத்து, இலை அதற்குக் கீழ்ப்பட்டால் யூரியா இடும்படி நாம் சொல்லி வருகிறோம். படத்தில் ஒரு படி நிறம் மாறினால் வேண்டாத வயலுக்கு யூரியா போகும். யூரியா மிஞ்சினால் புகையானும் குலைநோயும் வரும், பயிரும் சாயும். ஆதலால் அட்டையைப் பிடிக்கும் விதத்தை மாத்திரம் படத்தில் காட்ட வேண்டும். நிறத்தை ஒப்பிடுவதைத் தம் வயலில், தம் உடல் நிழலில், மெய்யான அட்டையைக் கொண்டே செய்யும்படி வாயாலும் எழுத்தாலும் சொல்லிவிட வேண்டும்.

பயிரைக் காட்டும் படங்களுக்கு நீலத் திரையே தக்கது. இலையில் நீலம் மிகச் சொற்பமாகையால், நீலத்துக்கு முன் பிடித்த நாற்று நறுக்கினாற்போல் தெளிவாகப் பிரிந்து நிற்கும். தக்கைப்பூண்டு, கொளுஞ்சி, அசோலா முதலிய தழையுரங்களுக்கும், காய்கறிகளுட் பெரும்பாலானவற்றுக்கும் இதையே சொல்லலாம். நீலத் திரைக்கு வெளிச்சம் சற்று அதிகம் வேண்டும் என்பதே குறை. அதற்கும் விலக்கு உண்டு. மயில்துத்தமும், அதைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் செய்யும் போர்டோக் கலவையும் நீல நிறமானவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்க்கும் முறையை நீலத் திரைக்கு முன் காட்டினால் வாளி இருக்கும், கலவை இராது! அப்படிப்பட்ட படங்களுக்கும், நீல பிளாஸ்டிக் பீப்பாய்களை வைத்துச் செய்யும் செயல்முறைகளுக்கும், தாள் நமூனாக்களை விளக்கும் படங்களுக்கும் பச்சை ஏற்றது. கத்தரிப்பூவும் ஊதாக் கத்தரிக்காயும் ஒருமுறை சோதித்துப் பார்த்த பின்பே நீலத்துக்கு முன் கொண்டுவரத் தக்கவை. ஊராட்சிக் கட்டடத்தில் நிலையாக அமைக்க நினைப்பவர்கள் இரண்டு துணிகளையும் ஒரே மூங்கிலில் முன்னும் பின்னுமாகத் தொங்கவிட்டுக்கொள்வது சௌகரியம்.

துணி

பளபளப்பில்லாத பருத்தித் துணியே வேண்டும். பட்டும், செயற்கை இழையும், பிளாஸ்டிக் விரிப்பும் விளக்கொளியைத் திருப்பியடித்து வெள்ளைத் திட்டுக்களை உண்டாக்கும். அத்திட்டுக்களைக் கணிப்பொறி அழிக்காது. பச்சையானால் கிளிப்பச்சை, பாசிப் பச்சையும் கரும்பச்சையும் உதவா. நீலமானால் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலக்கட்டியின் நிறம். சுவருக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது வெளிறிய நீலம். வெண்மை மிகுந்திருப்பதால் பிரியாது. சுவரே திரையாக வேண்டுமானால் மினுமினுப்பில்லாத அழுத்தமான வர்ணம் வாங்கி இரண்டு பூச்சு பூசலாம்.

துணியின் அளவைக் குருட்டடியாகத் தீர்மானிக்க வேண்டாம். காமிராவிலிருந்து பேசுபவர் 8 அடியிலும், அவருக்குப் பின்னால் துணி 6 அடியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பொழுது காமிராவுக்கும் துணிக்கும் தூரம் 14 அடி. விளக்குக்கு முன் நிற்பவன் நிழல் சுவரில் பெரிதாக விழுவதைப் போல, பேசுபவர் கைகளை வீசும் 5 அடி அகலம் துணியில் 5ஐ 14ஆல் பெருக்கி 8ஆல் வகுத்த அளவை, அதாவது 8¾ அடியை, அடைத்துக்கொள்ளும். பத்தடி அகலத் துணி இதற்குச் சரியாகும். காமிரா ஐந்தடி உயரத்தில் இருந்து, இடுப்புக்கு மேல் மட்டும் படம் பிடிப்பதானால், துணி தரையைத் தொட வேண்டியதில்லை. தரைக்கு 2 அடி மேலிருந்து 9 அடி வரையில் இருந்தால், கையை உயர்த்தினாலும் திரைக்குள் அடங்கும். காமிராவில் துணிக்கு வெளியே சுவர் தெரிந்தால் கவலையில்லை; அந்தப் பக்கங்களைப் பின்னால் வெட்டிவிடலாம். கையும் கோலும் மட்டும் துணியின் எல்லையைத் தாண்டக்கூடாது.

படுக்கை விரிப்புக்கு நெய்யும் அகலத் துணி கிடைத்தால் ஒரு தையலோடு முடியும். தையலை நன்றாக இஸ்திரி போட்டுப் படிய வைக்க வேண்டும். துணியின் மேல் ஓரத்தை உறை போல் தைத்து மூங்கிலைச் செருகி, கீழ் ஓரத்திலும் ஒரு கம்பைச் செருகிக் கனம் கொடுத்து, பக்கங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் சுருக்கம் விழாது. சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு நிழல். நிழல் வேறொரு பச்சை. திண்ணையிலோ களத்திலோ கட்டினால் காற்றில் ஆடும். கதவுள்ள கூடமே நல்லது.

வெளிச்சம்

இதில்தான் பெரும்பாலோர் சிக்கனம் செய்து சிரமப்படுகிறார்கள். திரைக்கு வேறு வெளிச்சம், ஆளுக்கு வேறு வெளிச்சம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். திரையின் இரு பக்கங்களிலும் ஒரே வகையான, ஒரே சக்தியுள்ள நீண்ட குழல் விளக்குகளைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்வாகத் துணியின் மேல் விழும்படி திருப்பினால், நடுவும் ஓரமும் சமமாக விளங்கும். சமமா என்று பார்க்க, ஆளில்லாமல் திரையை மட்டும் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். எங்கே கருக்கிறது, எங்கே வெளுக்கிறது என்று உடனே தெரியும். திரையின் வெளிச்சம் பேசுபவர் முகத்திலுள்ள வெளிச்சத்துக்குச் சற்றுக் குறைந்திருக்கலாம், மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் முன்சொன்ன சாயல் அதிகரிக்கும். திரைக்கும் ஆளுக்கும் 6 அடி இடைவெளி சொன்னதும் இதற்காகவே. இடம் இருந்தால் எட்டடியாக்குவது இன்னும் உசிதம். அதற்கேற்பத் துணியின் அளவு கூடும்.

பேசுபவருக்கு முன்புறம் ஒரு பக்கமாக ஒரு பெரிய விளக்கும், மறுபக்கத்தில் அதைவிட மங்கலான ஒன்றும் வைப்பார்கள். மங்கலான விளக்குக்குப் பதில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினாலும் அதே பலன் கிடைக்கும். பின்புறம் மேலேயிருந்து தலையிலும் தோளிலும் விழும்படி மூன்றாவது விளக்கு ஒன்று வைத்தால் தலைமயிரின் ஓரம் துலங்கிப் பிரியும். பகலில் வடக்கு நோக்கிய சன்னலின் வெளிச்சம் இவை எல்லாவற்றையும் விட மென்மையானது, செலவுமில்லை. ஆனால் மேகம் மறைக்கும்போதெல்லாம் மாறும் ஆகையால், அரைமணி நேரப் பாடத்துக்கு அதை நம்பக்கூடாது.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உள்ளது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 தரம் மங்கி ஒளிர்கின்றன; நம் கண் அதை அறியாது, காமிரா அறியும். படத்தில் கருங்கோடுகள் ஊர்ந்தால், காமிராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைக்க வேண்டும். கையை வேகமாக ஆட்டுகிறவர்களுக்கு 1/100 நல்லது. கை மங்கலாகத் தேய்ந்தால் அதன் ஓரத்தில் பச்சை ஒட்டும்.

உடையும் உபகரணங்களும்

பச்சைத் திரையானால் பச்சைக் கரை வேட்டி, பச்சைத் துண்டு, பச்சைக் கல் பதித்த தோடு எதுவும் ஆகாது. கரை மட்டும் அழிந்து, அவ்விடத்தில் வயல் தெரியும்! கட்சிக் கரை வேட்டி கட்டும் நண்பர்கள் அன்று ஒரு நாள் மட்டும் கரையில்லாத வேட்டி கட்டிக்கொள்ளலாம். தூய வெள்ளைச் சட்டை சாயலை வாங்கும். இளமஞ்சள், காவி, சாம்பல் நிறங்கள் அனுகூலமானவை. மூக்குக் கண்ணாடியின் வளைவில் திரை பிரதிபலிக்கிறதா என்று பார்த்து, முகத்தைச் சிறிது தாழ்த்தச் சொல்ல வேண்டும். தேய்த்த பித்தளைப் படியும், புது மண்வெட்டியின் வாயும் முகம் பார்க்கும் கண்ணாடிகளே. அவற்றின் மேல் சிறிது விபூதியோ மாவோ தடவி மங்கச் செய்யலாம். மருந்துச் சீசா, பாலிதீன் பை போன்ற ஊடுருவித் தெரியும் பொருள்களைத் திரைக்கு முன் காட்டாமலிருப்பதே மேல்.

நெல்லின் சன்ன வேர், கம்பரிசி வாலி, பூச்சியின் மீசை ஆகியவை எந்தத் திரையிலும் ஓரளவு அழியும். கைப்பேசிகள் படத்தின் அளவைக் குறைப்பதற்காக, வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி குறித்து, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறிப்பது வழக்கம். நிறத்தைக் கொண்டு வெட்டும்போது ஓரம் முரடாவது அதனால்தான். இத்தகைய நுண்பொருள்களைக் கறுப்புத் துணியின் மேல் வைத்துக் கிட்டத்தில் தனியாகப் படம் பிடித்து, பேசுபவருக்குப் பின்னால் பெரிதாகக் காட்டுவதே சரியான வழி. மண்பானை, தட்டு முதலியவற்றை வைத்து விளக்க வேண்டுமானால் ஒரு முக்காலியின் மேல் அதே திரைத் துணியைப் போர்த்தி அதன் மேல் வைக்கலாம், முக்காலி மறைந்துவிடும்.

காமிராவும் பின்காட்சியும்

கைப்பேசியின் பின்பக்கக் காமிராவையே உபயோகிக்க வேண்டும். முன்பக்கத்தது தரம் குறைந்ததாக இருப்பது சாதாரணம். முக்காலித் தாங்கியில் கிடைமட்டமாக நிறுத்தி, பேசுபவரின் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் தெளிவும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும் வசதி அநேக கைப்பேசிகளில் உண்டு. பூட்டாவிட்டால், ஒரு வெள்ளைத் தாளை உயர்த்தியவுடன் காமிரா தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையின் நிறம் மாறும். முன் செய்த ஏற்பாடெல்லாம் கெடும். ஒலிக்குச் சட்டையில் மாட்டும் சிறு மைக் போதும். காலிக் கூடம் எதிரொலித்தால் நெல் மூட்டைகளையோ மெத்தைகளையோ சுற்றி அடுக்கலாம்.

நிறத்தைப் பிரிப்பதற்கு ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'குரோமா கீ' என்பதைச் சேர்த்து, பச்சையா நீலமா என்று குறிப்பிட்டால், திரை பெரும்பாலும் உடனே மறையும். பின்னர் ஒப்புமை, மென்மை, சாயல் நீக்கம் என்ற மூன்று அளவுகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒப்புமையை அதிகமாகக் கூட்டுகிறவர்கள் இலையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறார்கள். திரை மறையவில்லை என்று ஒப்புமையை ஏற்றுவதை விட, எழுந்து போய் விளக்கைத் திருப்பி வைப்பதே நல்லது. சோதிக்கும்போது பின்னால் வயற்காட்சியை வைக்காமல் சுத்தச் சிவப்பு நிறத்தை வைத்துப் பார்த்தால், உடம்பிலும் பயிரிலும் விழுந்த பொத்தல்கள் ஒளிய இடமின்றி வெளிப்படும். பயிர்ச்சி பெற்றவர்கள் டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ் முதலிய செயலிகளைக் கையாளலாம்.

பின்னால் வைக்கும் வயற்காட்சியைக் காமிரா இருந்த அதே உயரத்தில், அதாவது ஐந்தடியில் நின்று எடுக்க வேண்டும். உயர்ந்த கரையிலிருந்தோ டிரோனிலிருந்தோ எடுத்த வயலைப் பின்னால் வைத்தால், பேசுபவர் வானத்தில் பறப்பதாகத் தோன்றும். வயலில் வெயில் இடமிருந்து விழுந்திருந்தால், கூடத்திலும் பெரிய விளக்கு இடப்பக்கமே இருக்க வேண்டும். கிராம அதிகாரிகள் அடங்கலின் பத்திகளைச் சுட்டிக் காட்டும்போது, எதிரில் ஒரு கணிப்பொறித் திரையை வைத்து, சேர்ந்து வரும் படத்தைப் பார்த்துக்கொண்டே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சர்வே எண்ணைச் சொல்லிக்கொண்டே தீர்வைப் பத்தியில் விரல் வைக்க நேரும்.

எங்கே உதவும், எங்கே உதவாது

நாற்று முதல் அறுவடை வரையிலுள்ள பருவங்களையெல்லாம் ஒரே பாடத்தில் அடக்குவதற்கும், நெல்மணியளவுகூட இல்லாத புகையானை ஆள் உயரத்துக்குக் காட்டுவதற்கும், அடைமழைக் காலத்தில் கூடத்திலிருந்தே பேசுவதற்கும் திரை மிகவும் உபயோகமானது. ஒட்டுக்கட்டுவது, வரிசை நடவு செய்வது, கோனோவீடர் ஓட்டுவது போன்ற கைவேலைகளுக்கு வயலுக்கே காமிராவைக் கொண்டு போக வேண்டும். சேற்றில் கால் எவ்வளவு புதைகிறது, நாற்றை எவ்வளவு ஆழத்தில் வைக்கிறார்கள் என்பதைத் துணிக்கு முன் நின்று எவரும் காட்ட முடியாது.

இத்திரைக்கு ஒரு துஷ்பிரயோகமும் உண்டு. கிராம அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கோ எடுத்த செழித்த வயலைப் பின்னால் வைத்து, இது இன்ன விதையிட்ட வயல், இன்ன மருந்தால் விளைந்தது என்று ஒருவர் வர்ணித்தால், பார்ப்பவர்கள் நேரே வயலில் நின்று சொல்வதாகவே நம்புவார்கள். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால் ஆளின் ஓரத்தைக் கவனியுங்கள். காதுக்கும் மயிருக்கும் இடையில் பச்சையோ நீலமோ ஒட்டியிருக்கும். காற்றில் பயிர் ஆடும்போது துண்டு ஆடாது. ஆளின் நிழலும் மரத்தின் நிழலும் வெவ்வேறு பக்கம் விழும். தேர்ந்தவர்கள் இவற்றையும் மறைத்துவிடக் கூடுமாதலால், விதைக்குப் பணம் கொடுக்குமுன் வயல் எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறதென்று கேட்டு, போய்ப் பார்ப்பதே உறுதி. நாம் எடுக்கும் படங்களிலும், பின்காட்சி வேறிடத்தில் எடுக்கப்பட்டதானால் ஊரையும் மாதத்தையும் ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் துணியை மடிக்கக்கூடாது. மடிப்புத் தடம் அடுத்த தரம் கோடாகத் தெரியும். மூங்கிலிலேயே பாய் போலச் சுருட்டி, பழைய வேட்டியால் சுற்றி, எலி ஏறாத இடத்தில் கிடையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். துவைக்க நேர்ந்தால் தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துக; வெயிலில் உலர்த்தினால் ஒரு பக்கம் வெளுத்துத் திரைக்குதவாமற் போகும்.